ஆக்கச் செலவும் ஓட்டச் செலவும்

சுவீடன் நாட்டின் நார்ஷேப்பிங் நகரில் செல்லோபிளாஸ்ட் என்றொரு நிறுவனம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டென் குஸ்தாவ் துலின் என்ற பொறியாளர், குழாய் வடிவப் பாலித்தீன் தாளை மடித்துச் சூட்டில் ஒட்டி, மேற்பகுதியில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் கைப்பிடி வைத்த பை கிடைத்துவிடும் என்று கண்டார். 1965-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம் ஊர்ச் சாக்கடைகளை அடைத்துக்கொண்டு கிடக்கும் கேரிபேக் அதுதான். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தன் தந்தை அதை உருவாக்கினார் என்றும், ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் என்றும் துலினின் மகன் பின்னாளில் சொன்னார்.

ஆக, பாலித்தீன் பையே ஒரு காலத்தில் சூழலைக் காக்க வந்த மாற்றுதான். எடை குறைவு, நனையாது, கிழியாது, பல மாதம் வரும். அத்தனை உழைக்கக்கூடிய பொருளைக் கடையிலிருந்து வீடுவரை வரும் கால் மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தியதில்தான் எல்லாம் கெட்டது.

இந்த அத்தியாயம் அன்றாட வாழ்வில் செய்யக்கூடிய மாற்றங்களைப் பற்றியது. 'இயற்கையானது', 'பசுமையானது' என்று அச்சிட்ட பொருள்கள் கடையெங்கும் நிறைந்திருக்கின்றன. அவற்றில் எது உண்மையில் பயன் தரும் என்று பார்க்க இரண்டு செலவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு பொருளைச் செய்து நம் கையில் சேர்க்கும்வரை ஆகும் ஆற்றல், நீர், மாசு எல்லாம் அதன் ஆக்கச் செலவு. நம் கைக்கு வந்தபின் அது வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் இழுத்துக்கொள்வது ஓட்டச் செலவு. துணிப்பை, எவர்சில்வர் டப்பா, சட்டை, நாற்காலி ஆகியவற்றுக்கு ஆக்கச் செலவுதான் பெரும்பங்கு. மின்விசிறி, விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு ஆகியவற்றுக்கு ஓட்டச் செலவுதான் பெரும்பங்கு. முதல் வகைப் பொருள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைத் தேயும்வரை பயன்படுத்த வேண்டும். இரண்டாம் வகையில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக்கூடக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது பல நேரம் சரியாக இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் மாற்றங்களில் பணமும் போகிறது, சூழலும் கெடுகிறது.

பையிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்தது. எனக்கு இந்த இயக்கத்தின்மேல் மதிப்பு உண்டு. ஒரு தலைமுறை வெட்கப்பட்டு ஒதுக்கிய பையை அது மீண்டும் தோளில் மாட்ட வைத்தது. ஆனால் துணிப்பையின் ஆக்கச் செலவைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

பருத்தி வளர நீர் வேண்டும். உரம் வேண்டும். வயலில் இட்ட தழைச்சத்து உரத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. அந்த வாயு ஒரு கிலோ, கரியமில வாயு ஏறத்தாழ 270 கிலோ அளவுக்குப் புவியைச் சூடாக்கக்கூடியது. பிறகு பஞ்சு அரைத்தல், நூற்பு, நெசவு, வெளுப்பு, சாயம். சாயத்தின் விலை என்னவென்று நொய்யல் ஆற்றங்கரை உழவர்களைக் கேட்டால் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே ஒரு முறை பயன்படுத்திய மெல்லிய பாலித்தீன் பையோடு புவி வெப்பமாதலில் சமநிலைக்கு வர ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். காகிதப் பைக்கு 3 முறை போதும். ஆனால் காகிதப் பை மூன்று முறை தாங்குவதே அரிது. டென்மார்க் அரசின் 2018 ஆய்வு, சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை, இயற்கை வேளாண் பருத்திப் பைக்கு 149 முறை என்றது. இயற்கை வேளாண்மையில் விளைச்சல் குறைவு. அதனால் ஒரு பைக்கு வேண்டிய நிலம் கூடுகிறது. அதே ஆய்வில் 20,000 முறை என்ற எண்ணும் உண்டு. துணிப்பையே வீண் என்று வாதிடுவோர் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பல வகைப் பாதிப்புகளில் மிக மோசமான ஒன்றை மட்டும் வைத்துப் போட்ட எண் அது. பையைத் தேர்ந்தெடுக்க அது உதவாது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் சேராத ஒரு செலவு இருக்கிறது. டென்மார்க்கில் பயன்படுத்திய பை பெரும்பாலும் எரிஉலைக்குப் போய், அங்கே அது தரும் வெப்பம் வீடுகளுக்குப் போகிறது. நம் பை எங்கே போகிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் குப்பை மேட்டுக்கு, மழைநீர்க் கால்வாய்க்கு, தெருவில் மேயும் மாட்டின் வயிற்றுக்கு. அந்தக் கேடு கரியமில வாயுக் கணக்கில் ஒரு கிராம்கூட ஏறாது. ஆகவே நம் ஊரில் துணிப்பையே சரி என்பது என் முடிவு. அது சரியாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரே பை நூறு தடவைக்கு மேல் கடைக்குப் போய்வர வேண்டும். வாரம் இரண்டு முறை என்றால் ஓராண்டில் அந்த இலக்கை எட்டிவிடலாம். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த முப்பது பைகள் பீரோவில் மடித்தபடியே கிடந்தால், முப்பதின் ஆக்கச் செலவும் வீண். தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் வீட்டார், வருகிறவர்கள் கொண்டுவரும் பையிலேயே தேங்காயைப் போட்டால் என்ன? கேட்க முறையாக இருக்காது என்று தோன்றலாம். ஆனாலும் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் நல்ல பை, பழைய வேட்டியிலோ சேலையிலோ கால்சட்டையிலோ தைத்தது. அதன் ஆக்கச் செலவு எப்போதோ கழிந்துவிட்டது. தையல் கூலி மட்டும்தான் புதிது. துணிபோலத் தோன்றும், தொட்டால் சற்றுச் சொரசொரக்கும் ஜவுளிக்கடைப் பைகளைத் துணி என்று எண்ணிவிடாதீர்கள். நெய்யாமல் சூட்டில் அழுத்திய பாலிபுரோப்பிலீன் இழைகள் அவை. வெயிலில் கிடந்தால் உதிர்ந்து நுண்துகளாகும். வீட்டில் இருப்பவற்றைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். புதிதாக வாங்காதீர்கள்.

டீக்கடைக்கு வருவோம். ஒரு முறை பயன்படுத்தும் குவளைக்கும் கழுவிப் பயன்படுத்தும் கிளாஸுக்கும் இடையே உள்ள ஆற்றல் கணக்கைக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலாளர் மார்ட்டின் ஹாக்கிங் 1994-இல் வெளியிட்டார். கண்ணாடி கிளாஸைச் செய்யும் ஆற்றலையும், ஒவ்வொரு முறை கழுவும் ஆற்றலையும் சேர்த்தால், 15 முறை பயன்படுத்தியதும் அது காகிதக் குவளையோடு சமநிலைக்கு வந்துவிடும் என்றார். தெர்மகோல் குவளையோடு சமநிலைக்கு வர 393 முறை ஆகும். அவர் மனத்தில் இருந்தது வெந்நீரில் இயந்திரம் கழுவும் மேல்நாட்டுச் சமையலறை. ஓர் அலுவலகத்தில் ஒருவர் நாளைக்கு ஒரு முறை காப்பி குடித்தால் 393 முறை என்பது ஓராண்டுக்கும் மேல்.

நம் டீக்கடையில் ஒரே கிளாஸ் ஒரு நாளில் பல பேருக்கு டீ ஆற்றித் தருகிறது. 15 என்ற எல்லையை விடிகாலைக் கூட்டத்திலேயே தொட்டுவிடும். 393-ஐச் சில வாரங்களில் தாண்டிவிடும். உடையாமல் இருந்தால் அதன்பின் வருவதெல்லாம் இலாபம். பொருளைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது அதன் ஆக்கச் செலவு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வாடகைப் பாத்திரக் கடை, நூலகம், ஊர்ச் சாவடியின் பொதுப் பந்திப்பாய் எல்லாம் இதே கணக்கில்தான் சூழலுக்கு நல்லவை.

கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் காகிதக் குவளைக்கு மாறிவிட்டன. சுத்தம் என்பதுதான் காரணம். அந்தக் கவலை நியாயமானது; அதற்கு விடை கொதிநீரில் அலசுவது. காகிதக் குவளையில் டீ கசியாமல் நிற்பது அதன் உட்புறப் பாலித்தீன் பூச்சால்தான். தமிழ்நாட்டின் 2019 தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் இருக்கிறது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 85 முதல் 90 டிகிரி சூடுள்ள 100 மில்லி நீரை இத்தகைய குவளையில் 15 நிமிடம் வைத்திருந்தபோது, சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்ததைக் கண்டார்கள். உடலுக்குள் அவை என்ன செய்கின்றன என்ற ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கிளாஸில் குடித்தால் அந்தக் கேள்வியே எழாது. சாம்பாரையும் சட்னியையும் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதற்கும் இது பொருந்தும். பார்சல் வாங்கப் போகும்போது ஒரு தூக்குவாளி எடுத்துப் போனால் போதும். பெரும்பாலான ஓட்டல்காரர்கள் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருகிறார்கள். அவர்களுக்கும் பை மிச்சம்.

இனி ஓட்டச் செலவுப் பொருள்கள். நம் தட்பவெப்பத்தில் இவற்றின் தலைவன் மின்விசிறி. வீட்டுக்கு மூன்று நான்கு, வருடத்தில் பத்து மாதம், இரவு முழுக்க ஓடுவது. இருந்தும் சூழல் பற்றிப் பேசும்போது யாரும் அண்ணாந்து அதைப் பார்ப்பதில்லை.

பழைய வகை மின்விசிறியில் இருப்பது தூண்டல் மோட்டார். நிலையான சுருளில் பாயும் மின்சாரம் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது சுற்றும் பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டி, அந்த மின்னோட்டத்தால் இன்னொரு காந்தப்புலத்தை எழுப்பி, அதைப் பிடித்து இழுத்துச் சுற்றும். இரண்டாவது காந்தப்புலத்தை ஒவ்வொரு நொடியும் மின்சாரம் கொடுத்தே உருவாக்க வேண்டியிருப்பதால் பெரும்பங்கு வெப்பமாகிப் போகிறது. ஓடும் மின்விசிறியின் நடுக் கிண்ணம் சூடாக இருப்பது அதனால்தான். வேகம் ஐந்தில் அது 70 முதல் 80 வாட் எடுக்கும். பிஎல்டிசி எனப்படும் புதிய வகையில் சுற்றும் பகுதியில் நிலைக்காந்தங்கள் பதித்திருக்கும். காந்தப்புலத்துக்குத் தனியே மின்சாரம் வேண்டாம். எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒரு சிறு மின்னணுப் பலகை பார்த்துக்கொள்ளும். அதே அளவு காற்றுக்கு 28 முதல் 35 வாட் போதும்.

ஒரு விசிறியில் 45 வாட் மிச்சம் என்று வைப்போம். நாளைக்கு 15 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் 202 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரே ஒரு விசிறியால் ஆண்டுக்கு 140 கிலோவுக்கு மேல் குறையும். முன்பு சொன்ன பிரிட்டன் ஆய்வில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையின் கணக்கு 19 கிராம். வகுத்துப் பாருங்கள்: புவி வெப்பமாதலை மட்டும் எண்ணினால், ஒரு மின்விசிறியை மாற்றுவது ஆண்டுக்கு ஏழாயிரம் பைகளைத் தவிர்ப்பதற்கு ஈடு. பையை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. பையின் கேடு சாக்கடையிலும் கடலிலும் இருக்கிறது, விசிறியின் கேடு நிலக்கரி எரியும் புகைபோக்கியில் இருக்கிறது. ஒன்றைச் செய்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

நன்றாக ஓடும் பழைய விசிறியைக் கழற்றலாமா? கழற்றலாம் என்பேன். புது விசிறி நான்கைந்து கிலோ எடை. அது முழுக்க அலுமினியம் என்றும், அதுவும் நிலக்கரி மின்சாரத்தில் உருக்கியது என்றும் மிக மோசமாக எடுத்துக்கொண்டாலும், கிலோவுக்கு 20 கிலோ கரியமில வாயு என்ற கணக்கில் 100 கிலோதான் வரும். உண்மையில் அதைவிடக் குறைவு. எப்படிப் பார்த்தாலும் முதல் ஆண்டிலேயே ஆக்கச் செலவு அடைபட்டுவிடும். கழற்றிய பழையதைக் காயலான் கடைக்குப் போடுவது நல்லது. அதிலுள்ள செம்பும் அலுமினியமும் மறுபடி உருகிப் பயன்படும். அதை இன்னொரு அறையில் மாட்டி ஓடவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். ஒரேயடியாகப் பணம் போட முடியாதவர்கள் படுக்கையறை விசிறியை மட்டும் முதலில் மாற்றலாம், அதுதான் அதிக நேரம் ஓடுவது. 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். மின்னணுப் பலகை பழுதானால் சரிசெய்து தருவார்களா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பலகை போனதும் முழு விசிறியையும் எறிய வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது.

குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு மாறுவதும் இதே வகை. அதைப் பெரும்பாலோர் செய்து முடித்துவிட்டோம். குளிர்சாதனம் வைத்திருப்பவர்கள் அதை 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது எரிசக்தி திறன் செயலகத்தின் கணக்கு.

சமையலறையில் எதையும் வாங்காமலேயே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது: விசிலை எண்ணுவதை விட்டு நிமிடத்தை எண்ணுவது.

குக்கரின் வெயிட், உள்ளே நீராவியை அடக்கி, சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த அழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். வேகுவது என்பது வேதிவினை. பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொது விதிப்படி, இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. குக்கர் சிக்கனமாக இருப்பதன் காரணம் இதுதான். ஆனால் விசில் என்பது என்ன? அழுத்தம் அளவை மிஞ்சியதால் வெயிட் தூக்கிக்கொண்டு நீராவியை வெளியே விடுகிறது. பருப்பை வேகவைத்திருக்க வேண்டிய வெப்பம் சமையலறைக் காற்றில் கலந்துவிட்டது என்பதே அந்தச் சத்தத்தின் பொருள்.

எவ்வளவு வெப்பம் என்று பாருங்கள். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 290 கிலோஜூல் வேண்டும். அதே நீரை முழுதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஆகவே கொதி வந்தபின் பாத்திரத்துக்குள் போகும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் தின்பது ஆவியாக்குவதுதான். திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் சாம்பாரும், மெல்லக் குமிழியிட்டுக் கொதிக்கும் சாம்பாரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. தீயைக் கூட்டினால் ஆவி கூடும், காய் சீக்கிரம் வேகாது.

எனவே, முதல் விசில் வரும்வரை பெரிய தீ. வந்ததும் சிம்மில் வையுங்கள், முடிந்தால் சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். வெயிட் இலேசாக ஆடிக்கொண்டு 'ஸ்' என்ற ஒலி மட்டும் வந்தால் உள்ளே 120 டிகிரி இருக்கிறது என்று பொருள். அப்படியே குறித்த நிமிடங்கள் விட்டு அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கட்டும்; அந்த நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கும் இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்கும் நேரம் இன்னும் குறையும். போர் தண்ணீரில் பருப்பு வேக மறுப்பது அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுவதால்தான். வேகவைக்க மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தால் எரிவாயு மிச்சம். அடுக்குப் பாத்திரத்தில் சோறும் பருப்பும் காயும் ஒரே குக்கரில் வைப்பது நம் வீடுகளில் பலருக்கும் பழகியதே. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. ஒரு சிலிண்டர் ஐந்தாறு நாள் கூடுதலாக வந்தாலே ஆண்டில் சுமார் ஒரு சிலிண்டர் மிச்சமாகும்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே கணக்கு எதிர்பாராத விடையைத் தருகிறது. இன்டக்‌ஷனில் மின்சாரத்தின் 85 சதவீதம் பாத்திரத்தில் வெப்பமாகிறது. எரிவாயு அடுப்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் சேரும். ஆனால் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்ததையும் சேர்த்தால், பாத்திரத்துக்குப் போகும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு இன்டக்‌ஷனில் 0.8 கிலோ கரியமில வாயு, எரிவாயுவில் 0.4 கிலோ. இன்றைய சராசரி மின்சாரத்தில் எரிவாயுதான் குறைவு. கூரையில் சூரியத் தகடு வைத்த வீட்டில் பகல் சமையலுக்கு இது தலைகீழாகிவிடும். அந்த வீட்டார் தயங்காமல் மாறலாம். முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைப் போன்றவை பெருகப் பெருக மற்றவர்களுக்கும் அந்த நாள் வரும். சமையலறைக்குள் எரிவாயுப் புகை இல்லாமல் இருப்பது இன்டக்‌ஷனின் தனி நன்மை; காற்றோட்டம் இல்லாத சிறு வீடுகளில் அதற்காகவே மாறினாலும் தவறில்லை.

துணி துவைக்கும் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூந்திக்கொட்டைக்கு மாறுங்கள் என்கிறார்கள். அதன் தோலில் உள்ள சப்போனின் உண்மையிலேயே நுரைக்கும். பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் அது மிக நல்லது. ஆனால் செடியிலிருந்து வருவதால் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். சப்போனின் மீன்களின் செவுளைத் தாக்கும். சப்போனின் உள்ள செடிகளைக் குளத்தில் இட்டு மீன் மயங்கச் செய்து பிடிப்பது பல நாட்டுப் பழங்குடிகளின் பழைய முறை. மறுபுறம், இன்று விற்கும் சலவைத் தூள்களின் முக்கிய அழுக்கு நீக்கி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியாக்களால் பெருமளவு சிதைக்கப்படக்கூடியது. சுத்திகரிக்காமல் ஆற்றில் கலக்கும்போதுதான் வினை. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியிலும், மழைக்காலத்தில் சென்னைக் கடற்கரையிலும் திரளும் நுரை அதற்குச் சான்று. ஆகவே எந்தத் தூள் என்பதைவிட எவ்வளவு தூள் என்பது முக்கியம். உப்புத் தண்ணீரில் நுரை வராததைப் பார்த்து இன்னும் ஒரு கை அள்ளிப் போடுகிறோம். நுரைக்கும் அழுக்கு நீங்குவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பாதியாகக் குறைத்து ஒரு வாரம் துவைத்துப் பாருங்கள்.

மூங்கில் பல்துலக்கியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைப்பிடி மூங்கில், முட்கள் பெரும்பாலும் நைலான். பழையது தேய்ந்தபின் வாங்கலாம், அவசரப்பட வேண்டாம்.

ஆர்ஓ குடிநீர் இயந்திரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியேற்றும். நீரில் கரைந்த உப்புகளைப் பிரிக்கவே அதிலுள்ள சவ்வு. உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அது தேவையில்லை. அத்தகைய இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. குழாய் நீரில் கரைந்த உப்பின் அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, சிறு மீட்டரால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் வடிகட்டிக் கொதிக்கவைப்பதோ புற ஊதா ஒளி வடிகட்டியோ போதும். கிணற்று நீர் கரிக்கும் ஊர்களில் ஆர்ஓ வேண்டியதுதான்; அங்கே கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்.

மாற்றுகளில் கடைசியாக, வீடுகளில் சத்தமாகப் பேசத் தயங்கும் ஒன்று. கடையில் விற்கும் மாதவிடாய் நாப்கினின் மேல்தாள் பாலிபுரோப்பிலீன், அடித்தாள் பாலித்தீன், நடுவில் ஈரத்தை உறிஞ்சும் அக்ரிலேட் பலபடி. மாதம் 15 என்றால் ஆண்டுக்கு 180, ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஆறாயிரத்துக்கு மேல். இவை குப்பையில் கலந்து வரும்போது கையால் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். மருத்துவத் தரச் சிலிக்கோனால் ஆன மாதவிடாய்க் குப்பி ஒன்று பத்து ஆண்டு வரை வரும். ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும், அவ்வளவுதான். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த மதிப்பீடு, கசிவு நாப்கினுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதாகவும், குப்பி பாதுகாப்பானது என்றும் சொன்னது. கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி 2019-இல் ஐயாயிரம் குப்பிகளை இலவசமாகத் தந்தது. 2022 ஜனவரியில் அதே மாநிலத்தின் கும்பளங்கி நாப்கின் இல்லாத ஊராக அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் பொருளைக் கொடுத்ததோடு நிற்காமல் பயிற்சியும் கொடுத்தார்கள். பயன்படுத்துவதா என்பதை அந்தந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இப்படி ஒன்று இருப்பது மகள்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணி நாப்கினும் நல்ல மாற்றே, நல்ல வெயிலில் உலர்த்த இடம் இருந்தால்.

மாற்றே இல்லாத பொருள்களும் வீட்டில் உண்டு. பால் பாக்கெட் அதில் முதன்மை. தமிழ்நாட்டின் தடையிலும் அதற்கு விலக்கு இருக்கிறது. கண்ணாடிப் புட்டி திரும்பி வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாக்கெட்டின் மூலையைத் தனியே வெட்டி எறியாதீர்கள். கீறி மட்டும் விட்டு, அந்தத் துண்டு பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாலை ஊற்றியபின் அலசி, உலர்த்தி, சேர்த்து வைத்துப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். முழுப் பாக்கெட்டுக்கு அங்கே விலை உண்டு, அது உருகி மறுபடி பொருளாகும். நகத்தளவு மூலைத் துண்டைப் பொறுக்கிச் சேர்க்க யாராலும் முடியாது. அது நேராக மண்ணுக்குத்தான் போகிறது.